ஓடாத வண்டியின் விலை

‘விற்பனைக்கு’ என்னும் ஒரு சொல்லை எழுதுவதற்கு அந்த முதியவருக்கு மூன்று மாதங்கள் ஆயின. அதற்கு அடுத்த வரிகளை எழுதி முடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பள்ளியில் நெடுங்காலம் கணக்குக் கற்பித்து ஓய்வு பெற்றவர் அவர். சொற்களைச் சிக்கனமாகவே செலவிடுவார். 1994ஆம் ஆண்டுச் செவர்லே இம்பாலா எஸ்.எஸ்.; நான்கு கதவுகள்; கறுப்பு நிறம்; ஒரே உடைமையாளர்; ஓடிய தொலைவு 11,400 மைல்; மழையில் நனைந்ததே இல்லை. இறுதி வரியை எழுதும்போது மட்டும் அவருடைய பேனா சற்று நிமிர்ந்து நின்றது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு வண்டியை மழை படாமல் காத்த ஒருவர் அப்படிச் சற்றுப் பெருமைப்பட்டால் அதில் வியப்பில்லை.

அவர் வாழ்வது அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில். டல்லஸ், ஃபோர்ட் வொர்த் என்னும் இரு பெருநகரங்களுக்கும் இடையே ஆர்லிங்டன் என்னும் நகர் இருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை ஒன்று 1954ஆம் ஆண்டு முதல் அங்கே இயங்கி வருகின்றது. அந்தக் கறுப்பு வண்டி உருவானது அங்கேதான். தொழிற்சாலையின் வாயிலிலிருந்து அவர் வீட்டுக் கொட்டகைக்கு வர அரை மணிப் பயணமே போதும். பிறந்த இடத்தை விட்டு அந்த வண்டி அதிக தூரம் போகவே இல்லை என்று சொல்லலாம்.

இம்பாலா என்பது ஆப்பிரிக்கச் சமவெளிகளில் துள்ளித் திரியும் ஒருவகை மானின் பெயர். செவர்லே நிறுவனம் 1958இல் தன் உயர்தர வண்டி ஒன்றுக்கு அப்பெயரைச் சூட்டியது. 1961இல் ‘சூப்பர் ஸ்போர்ட்’ என்பதன் சுருக்கமாகிய எஸ்.எஸ். என்னும் இரண்டெழுத்துகள் அதனோடு சேர்ந்தன. விரைந்து ஓடும் வண்டிகளின்மீது அமெரிக்க இளைஞர்கள் பித்துக்கொண்டிருந்த காலம் அது. அறுபதுகளின் முடிவில் அந்த எழுத்துகள் இம்பாலாவை விட்டு மறைந்தன. பின்னர், எண்பதுகளின் நடுவில், இம்பாலா என்னும் பெயரும் மறைந்தது.

அது மீண்டு வந்த கதை சுவையானது. 1991ஆம் ஆண்டில் அதே நிறுவனம் கப்ரீஸ் என்னும் பெரிய வண்டிக்குப் புதிய உருவம் கொடுத்தது. உருண்டு திரண்ட அந்த உருவத்தைக் கண்டவர்கள் கரை ஒதுங்கிய திமிங்கிலம் என்று கேலி செய்தார்கள். காவல் துறையும் வாடகைக் கார் ஓட்டுநர்களுமே அதை விரும்பி வாங்கினர். அந்தத் திமிங்கிலத்தையே எடுத்து, உயரத்தைத் தாழ்த்தி, பளபளப்பான பூச்சு வேலைகளை நீக்கி, பெரிய சக்கரங்களைப் பூட்டி, முழுவதும் கறுப்பாக்கி, 1992ஆம் ஆண்டு லாஸ் வேகாஸில் நடைபெற்ற செமா கண்காட்சியில் நிறுவனத்தார் நிறுத்தினார்கள். கேலி செய்தவர்களே சுற்றி நின்று பார்த்தார்கள். உடையைத் திருத்தியதும் ஒரு மனிதரின் தோற்றம் மாறிவிடுவதுண்டு. இங்கு நேர்ந்ததும் ஏறக்குறைய அதுவே. மக்கள் கேட்கக் கேட்க, 1994இல் அவ்வண்டி விற்பனைக்கே வந்துவிட்டது.

ஆனால் மாறியது உடை மட்டுமன்று. கார்வெட் என்னும் பந்தய வண்டியில் இருந்த 5.7 லிட்டர் எட்டு உருளை எஞ்சினின் உடன்பிறப்பு ஒன்றை இதன் முன்புறத்தில் பொருத்தினார்கள். கார்வெட்டில் அது 300 குதிரைத்திறன் கொடுத்தது, இதில் 260. காவல் துறை வண்டிகளுக்கென வலுவாகச் செய்யப்பட்ட அடிப்பாகங்களையும் நான்கு சக்கரங்களுக்கும் வட்டத் தகட்டுப் பிரேக்கையும் இது பெற்றது. ஐந்தரை மீட்டருக்குச் சற்றே குறைந்த நீளம். ஒரு டன்னையும் முக்கால் டன்னையும் தாண்டிய எடை. அத்தனை பெரிய உடலைத் தூக்கிக்கொண்டு நின்ற நிலையிலிருந்து ஏறக்குறைய ஏழு விநாடிகளில் மணிக்கு 60 மைல் வேகத்தை எட்டியது. பின்னிருக்கையில் மூன்று பிள்ளைகள் தாராளமாக அமரலாம். பெட்டியறையில் ஒரு குடும்பத்தின் பயணச் சாமான்கள் முழுவதும் அடங்கும். குடும்பத் தலைவருக்கும் அவருக்குள் இன்னும் ஒளிந்திருக்கும் இளைஞனுக்கும் ஒரே வண்டி போதும் என்பதே அதன் கவர்ச்சி.

கணக்கு ஆசிரியர் மயங்கியதும் அதனால்தான். விலை இருபதாயிரம் டாலருக்கு மேல். ஆசிரியர் ஊதியத்திற்கு அது பெருந்தொகை. “நான்கு கதவுகள் இருக்கின்றனவே, இது குடும்ப வண்டிதானே” என்பது மனைவியிடம் அவர் வைத்த வாதம். அந்த அம்மையார் நம்பினாரோ, நம்பியதுபோல் இருந்துவிட்டாரோ, இசைந்தார். அப்போது அவர்களுடைய மகனுக்குப் பதினொரு வயது; மகளுக்கு ஒன்பது.

முதல் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நால்வரும் ஏரிக்கரைக்குப் போய்த் திரும்பினார்கள். வழியில் மகன் கையிலிருந்த ஐஸ்கிரீம் உருகிச் சாம்பல் நிறத் தோல் இருக்கையில் ஒரு துளி விழுந்தது. தந்தை வண்டியை ஓரமாக நிறுத்தினார். அன்று அவர் பேசிய பேச்சு வகுப்பறையில்கூட எந்த மாணவனிடமும் பேசாதது. கறை அன்றே போய்விட்டது. அடுத்த வாரம் முதல் குடும்பம் பழைய வேனுக்குத் திரும்பியது. கறுப்பு வண்டி நல்ல நாள்களுக்கென ஒதுக்கப்பட்டது. நல்ல நாள் எது என்பதில் வீட்டில் ஒருமித்த கருத்து ஏற்படவே இல்லை.

1996இல் ஆர்லிங்டனில் இம்பாலா எஸ்.எஸ். உற்பத்தி நின்றது. மக்கள் வாங்காமல் நின்றதன்று. அந்த இறுதி ஆண்டில்தான் மிகுதியாக விற்றது. ஆயினும், லாரியின் அடிச்சட்டத்தில் அமைந்த உயரமான வண்டிகளில் நிறுவனத்திற்கு ஆதாயம் அதிகம். ஆகவே தொழிற்சாலை அவற்றைச் செய்யத் தொடங்கியது. இன்றளவும் அவற்றையே செய்கிறது. முதலாண்டில் வெளிவந்த இம்பாலா எஸ்.எஸ். வண்டிகள் 6,303; அத்தனையும் கறுப்பு. மூன்று ஆண்டுகளிலும் சேர்த்து எழுபதாயிரத்தை ஒட்டி வந்தன. இதைக் கொண்டு பார்த்தால் இது அப்படியொன்றும் கிடைத்தற்கரிய வண்டி அன்று. அவற்றுட் பெரும்பாலானவை, வண்டிகள் எதற்காகப் பிறக்கின்றனவோ அதைச் செய்து தேய்ந்தன, மோதின, பலர் கைமாறின, துருப்பிடித்தன. தேயாமல் எஞ்சியவை சிலவே. சேகரிப்பாளர்கள் தேடித் தேடி விலை கொடுப்பது அந்தச் சிலவற்றிற்கே.

தேயாமல் காப்பது எளிதன்று. ஓடாத வண்டி கெடாது என்று எண்ணுவோர் உண்டு. அது தவறு. பெட்ரோல் சில மாதங்களில் தன் தன்மையை இழக்கத் தொடங்கும். பேட்டரி தானே வற்றும். எண்ணெய் படாத ரப்பர் வளையங்கள் காய்ந்து சுருங்கும். ஒரே இடத்தில் அழுந்தி நிற்கும் டயர் இறுகிப்போகும். வெளியில் பார்க்கப் புதிதுபோலவே இருக்கும். எலிகள் வயர்களைக் கடித்துவிட்டு எஞ்சினுக்குள் கூடு கட்டும். ஆசிரியர் இவை அனைத்தோடும் போராடினார். பெட்ரோல் கெடாதிருக்க மருந்து கலந்தார். பேட்டரிக்கு மின்னூட்டும் கருவியை இணைத்து வைத்தார். மென்துணியால் உறையிட்டு மூடினார். ஒரு நீள நோட்டுப் புத்தகத்தில் கோடு கிழித்து, நாள், மைல் கணக்கு, காரணம் என்று மூன்று கட்டங்கள் அமைத்தார். வண்டி ஒவ்வொரு முறை நகர்ந்ததும் அதில் ஏறியது. காரணம் என்னும் கட்டத்தில் பெரும்பாலும் ‘பேட்டரிக்காக’ என்றோ ‘எண்ணெய் மாற்ற’ என்றோ இருக்கும்.

அப்படியும் ஒரு முறை அது பழுதடைந்தது. அவ்வகை எஞ்சினில், தீப்பொறியைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டரை முன்புறத்தில், தண்ணீர்ப் பம்புக்குக் கீழே அமைத்திருந்தார்கள். பம்பு கசிந்தால் நீர் நேரே அதன்மீது சொட்டும். ஈரம் உள்ளே புகுந்தால் எஞ்சின் திணறும். தேர்ந்த பொறியாளர்கள் எப்படித்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்களோ! ஓடித் தேய்ந்த வண்டிகளைப் போலவே, ஓடாமல் நின்ற அவருடைய வண்டியிலும் பம்பு கசிந்தது. இரண்டையும் மாற்றினார். பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்தினார்.

ஆண்டுகள் சென்றன. பிள்ளைகள் வளர்ந்து வேறு ஊர்களில் குடியேறினார்கள். மனைவியின் முழங்கால் வலி மாடிப் படிகளை ஏறவிடவில்லை. பெரிய வீட்டை விற்றுவிட்டு மகள் வீட்டருகே சிறிய குடியிருப்பு ஒன்றுக்குப் போவதென்று முடிவாயிற்று. அங்கே ஒரு வண்டிக்கு மட்டுமே இடம். அதுவும் திறந்த வெளியில்.

முதலில் அவர் மகனைத்தான் தொலைபேசியில் அழைத்தார். விலை வேண்டாம், எடுத்துக்கொள் என்றார். மறுமுனை சற்று நேரம் அமைதியாக இருந்தது.

“வேண்டாம், அப்பா. கோபத்தில் சொல்லவில்லை. அந்த வண்டியின் பின்னிருக்கை எப்படி இருக்கும் என்றுகூட எனக்கு நினைவில்லை. நம் பழைய வேனாக இருந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.”

பழைய வேன் எப்போதோ இரும்புக் கடைக்குப் போய்விட்டது. அதன் கதவில் மகன் ஆணியால் கீறிய தன் பெயரின் முதலெழுத்து அப்போதுகூட இருந்தது. தந்தைக்கு அது நினைவுக்கு வந்தது. கணக்கில் வல்லவரான அவருக்கு இந்தக் கணக்கு மட்டும் பிடிபடவில்லை. அதன் பிறகுதான் ‘விற்பனைக்கு’ என்னும் சொல்லை எழுத அந்த மூன்று மாதங்கள் ஆயின.

தமிழ் படித்தவர்களுக்கு இவ்விடத்தில் ஔவையார் நினைவுக்கு வராமல் இரார். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற அவருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினான். புறநானூற்றின் 95ஆம் பாட்டு அங்கே பிறந்தது. தொண்டைமானின் வேல்கள் மயிற்பீலியும் மாலையும் சூடி நெய் பூசப்பட்டு அழகாக இருந்தன. அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடந்தன. புகழ்வதுபோல் இகழ்ந்த அந்த நயத்தைப் பள்ளிதோறும் கற்பிக்கிறோம், மாணவர்கள் சிரிக்கிறார்கள். ஆனால் சந்தைக்குப் போனால் நிலைமை தலைகீழ். அங்கே தொண்டைமானின் வேலுக்குத்தான் விலை. நுனி முறிந்த வேலை எவரும் கேட்பதில்லை. டெக்சஸ் ஆசிரியர் ஔவையாரை அறியமாட்டார். இருப்பினும் தம் கொட்டகையைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் நின்ற நிலை தொண்டைமானின் நிலையே.

விளம்பரத்தைக் கண்டு முதலில் வந்தவர் ஒரு சேகரிப்பாளர். கைவிளக்கும் சிறு கண்ணாடியும், வண்ணப்பூச்சின் கனத்தை அளக்கும் கருவியும் கொண்டு வந்திருந்தார். அவர் ஐயப்பட்டதிலும் நியாயம் உண்டு. வண்டியின் அடையாள எண் ஒன்றை மட்டும் வைத்து இம்பாலா எஸ்.எஸ். எது, சாதாரண கப்ரீஸ் எது என்று பிரித்தறிய முடியாது. கப்ரீஸுக்கு வேடமிட்டு விற்பவர்கள் உண்டு. பெட்டியறை மூடியின் உட்புறம் தொழிற்சாலையில் ஒட்டிய சிறு தாளில் ‘டபிள்யூ எக்ஸ் 3’ என்னும் குறி இருந்தால்தான் அது உண்மையான எஸ்.எஸ். அவர் முதலில் அதைத்தான் பார்த்தார். குறி இருந்தது. அடுத்து, புதிய வண்டியின் கண்ணாடியில் ஒட்டியிருந்த விலைச்சீட்டைக் கேட்டார். புதிய வண்டி ஒவ்வொன்றிலும் அத்தகைய சீட்டு இருக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் 1958இல் வந்த சட்டம். அதற்கு வழிகோலிய மன்றோனி என்னும் செனட்டரின் பெயராலேயே அது இன்றும் அழைக்கப்படுகிறது. வாங்கியவர்கள் பெரும்பாலும் கிழித்தெறிந்துவிடும் அந்தச் சீட்டு, ஆசிரியரிடம் ஒரு மடிப்பும் இல்லாமல் இருந்தது.

பின்னர் மைல் கணக்கு. தூரமானியைத் திருத்துவது 1972ஆம் ஆண்டுக் கூட்டரசுச் சட்டத்தின்படி குற்றம். எனினும் இத்தனை பழைய வண்டியை விற்பவர் மைல் கணக்கை எழுத்தில் அறிவிக்க வேண்டியதில்லை என்று விலக்கும் இருக்கிறது. பழைய வண்டி எவ்வளவு ஓடியிருந்தால் என்ன என்று சட்டம் இயற்றியவர்கள் கருதினார்கள் போலும். விலை முழுவதும் அந்த ஓர் எண்ணில் தொங்கும் இத்தகைய வண்டிக்குச் சட்டத்தின் துணை அவ்வளவே. நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிய சேகரிப்பாளர் முகம் மலர்ந்தார்.

“ஐயா, நீங்கள் இதை அனுபவிக்கவே இல்லை! மிக அருமை!” என்றார்.

பாராட்டாகத்தான் சொன்னார். கேட்ட விலையைக் கொடுக்கவும் இசைந்தார். குளிரூட்டப்பட்ட கூடத்தில் வேறு பன்னிரண்டு வண்டிகளோடு இதுவும் நிற்கும் என்றார். தொழிற்சாலையில் பூட்டிய முதல் டயர்கள் இருக்கின்றனவா என்று கேட்டார். இருந்தன, நான்கும் கொட்டகையின் மூலையில் அடுக்கப்பட்டிருந்தன. அவற்றையே மீண்டும் பூட்டித் தரமுடியுமா, காட்சிக்கு வைக்க அவைதாம் பொருத்தம் என்றார். ஆசிரியர் இரண்டு நாள் தவணை கேட்டார்.

மறுநாள் மின்வேலை செய்யும் இளைஞர் ஒருவர் மனைவியோடும் இரு சிறுவர்களோடும் வந்தார். அவருடைய தந்தை காவல் துறையில் கப்ரீஸ் ஓட்டியவர். விலைச்சீட்டை அவர் கேட்கவில்லை. குனிந்து டயரின் பக்கச் சுவரைத் தடவிப் பார்த்தார். அங்கே பொறித்திருந்த நான்கு எண்களில் முதலிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். 2216; அதாவது 2016ஆம் ஆண்டின் இருபத்திரண்டாம் வாரம்.

“மேலே பூ எல்லாம் அப்படியே இருக்கிறது, ஐயா. ஆனால் ரப்பர் இறுகிவிட்டது. இவற்றை மாற்றாமல் பிள்ளைகளை ஏற்றமாட்டேன்.”

அவரால் கொடுக்க முடிந்தது, கேட்ட விலையினும் இரண்டாயிரம் டாலர் குறைவு. வெட்கத்தோடு சொன்னார். இதற்குள் சிறுவர்களில் இளையவன் பின்கதவைத் திறந்து உள்ளே ஏறிவிட்டான். கையில் பிஸ்கட் இருந்தது. தாய் பதறி அவனை இழுக்கப் போனாள். ஆசிரியரின் கையும் தானாக முன்னே நீண்டது. நீண்ட கை கதவின் விளிம்பைப் பற்றிக்கொண்டு அப்படியே நின்றது.

“இருக்கட்டும் அம்மா, உட்காரட்டும்” என்றது வேறொரு குரல். கைத்தடியை ஊன்றிக்கொண்டு வாசலில் அவருடைய மனைவி நின்றிருந்தார்.

சனிக்கிழமை புதிய டயர்கள் பூட்டப்பட்டன. அந்தச் செலவை ஆசிரியரே ஏற்றுக்கொண்டார்; அது கணக்கில் வராத செலவு. ஓட்டிப் பார்க்கும்படி இளைஞரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுத் தாம் பின்னிருக்கையில் இரு சிறுவர்களுக்கும் நடுவே அமர்ந்தார். முப்பது ஆண்டுகளில் அவர் அந்த இருக்கையில் அமர்ந்தது அதுவே முதன்முறை. நெடுஞ்சாலையில் ஏறியதும் இளைஞர் சற்றே அழுத்தினார். வண்டி முன்பாகத்தை உயர்த்திப் பாய்ந்தது. சிறுவர்கள் கூவினார்கள். கால் நீட்ட இவ்வளவு இடம் இருக்கிறதா என்று ஆசிரியர் வியந்தார்.

திரும்பி வந்தபோது பதினெட்டு மைல் கூடியிருந்தது. நோட்டுப் புத்தகத்தில் நாளையும் எண்ணையும் குறித்தார். காரணம் என்னும் கட்டத்தில் என்ன எழுதுவதென்று சிறிது யோசித்து, ‘ஐவர்’ என்று மட்டும் எழுதி, புத்தகத்தை இளைஞரிடம் கொடுத்தார். அன்று மாலை மகனைத் தொலைபேசியில் அழைத்தார். இருவரும் வண்டியைப் பற்றி அதிகம் பேசவில்லை.

முதல் டயர்கள் நான்கும் கொட்டகை மூலையிலேயே கிடந்தன. இளைஞர் அவற்றைக் கேட்கவில்லை. வீடு காலி செய்யும் வரை அவை அங்கேயே இருந்தன.